நண்பகலுக்குப் பிறகு யாருடைய கம்பெனி

தலைமையகத்தில் அவனைக் குண்டூசி மேஜர் என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, நேரே 'சார்'தான். ஆனால் அவன் முதுகைத் திருப்பியதும் சமையல்காரர் வரைக்கும் 'குண்டூசி சாப்பிட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அவனுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

டிவிஷனின் தலைமையகம் ஒரு பழைய சினிமா தியேட்டரில் இயங்கியது. நாற்காலிகளைப் பிடுங்கி வெளியே அடுக்கியாயிற்று. திரை இருந்த இடத்தில் சுவரையே மறைக்கும் ஒரு வரைபடம். அதன் முன்னால் ஓர் ஏணி. ஏணியில் ஏறிக் குண்டூசிகளைப் பிடுங்குவதற்கும் குத்துவதற்கும் ஒரு சார்ஜென்ட். டிக்கெட் கொடுத்த கூண்டுக்குள் தொலைபேசிகள். மேலே படம் ஓட்டிய அறையில் பீரங்கிக்காரர்கள் தங்கள் கம்பியில்லாச் செட்டுகளோடு குடியேறியிருந்தார்கள். படத்தின் ஒளி வெளியே வந்த அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் தலையை நீட்டித்தான் கீழே இருப்பவர்களோடு பேசுவார்கள். படி இறங்கி வர அவர்களுக்கு அவ்வளவு சோம்பல்.

வரைபடத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குண்டூசி. முதல் பிரிகேடுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்கு நீலம். ஊசி அரை விரல் தள்ளியிருந்தாலும் மேஜருக்குப் பொறுக்காது. தானே ஏணியில் ஏறிச் சரிசெய்துவிட்டு இறங்கி, தூர நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். புதுப்பெண்ணுக்குப் பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்க்கிறான் பார் என்று பீரங்கிக்காரர்கள் சிரிப்பார்கள்.

சண்டைக்காலத்து ராணுவம் என்றால் துப்பாக்கி தூக்கிய பெருங்கூட்டம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கூட்டுக்குடும்பம். டிவிஷனுக்கு மூன்று பிரிகேட், பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன், பட்டாலியனுக்கு நாலு கம்பெனி. மேலே இருப்பவர் தனக்கு நேர் கீழே இருப்பவரிடம்தான் பேச வேண்டும். தாண்டிப் பேசினால் நடுவில் இருப்பவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தோட்டா இல்லை என்றால்கூட முறைப்படிதான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

சில சமயம் ஒரு பிரிகேடின் கம்பெனியை எடுத்து, ஆள் பற்றாத இன்னொரு பிரிகேடிடம் ஒப்படைப்பார்கள். அந்தத் தியேட்டரில் இதற்குக் 'கட்டிக்கொடுப்பது' என்று பெயர். கட்டிக்கொடுத்த கம்பெனிக்கு உத்தரவு புகுந்த வீட்டிலிருந்து வரும். சாப்பாடும் சம்பளமும் வீட்டுக் கடிதமும் பிறந்த வீட்டிலிருந்து வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை ஒழுங்காக இருக்கும்வரை ஒரு வம்பும் இல்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலையெல்லாம் எழுதி, யார் எப்போது யாருடைய பிள்ளை என்று கணக்கு வைத்திருப்பதுதான் குண்டூசி மேஜரின் உத்தியோகம்.

அவனுடைய தங்கை கணவன் முதல் பிரிகேடில் ஒரு கம்பெனிக்குக் கேப்டன். அந்தக் கம்பெனியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த செங்கல் சூளையைக் காவல் காக்க மூன்றாவது பிரிகேடுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. உத்தரவு எழுதியது மேஜர்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் அந்த ஒரு கம்பெனிதான் இருந்தது. விவரம் தெரிந்துகொள்ளக் கேப்டன் தியேட்டருக்கு வந்தபோது மேஜருக்கு அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கேப்டனோ சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்ன மச்சான், தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுத்தீங்க. பத்தாதுன்னு இப்ப என்னையே கட்டிக் குடுத்துட்டீங்க. சீர் வரிசை ஏதாவது உண்டா?"

"ரெண்டு மெஷின் கன் தரச் சொல்லியிருக்கேன். போதுமா மாப்பிள்ளை?"

"புதுசா, பழசா?"

"பழசுதான்."

"அதானே பார்த்தேன். உங்க வீட்டு வழக்கம் மாறுமா?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மேஜர் அவனை வரைபடத்துக்கு அருகில் அழைத்துப் போய் எல்லாவற்றையும் காட்டினான். மறுநாள் நண்பகல் வரைக்கும் சூளையில் இருக்க வேண்டும். நண்பகலில் வேறொரு கம்பெனி வந்து அவர்களை மாற்றும். அந்த நேரத்திலிருந்து இவர்கள் மறுபடியும் பிறந்த வீட்டுப் பிள்ளைகள். கம்பியில்லாச் செட்டையும் பழைய பிரிகேடின் அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கேப்டன் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, போகும்போது மேஜரின் தோளைத் தட்டினான்.

மறுநாள் காலையில் எல்லாம் தலைகீழாயிற்று. எதிரி வடக்கே ஓர் இடத்தில் ஆற்றைக் கடந்துவிட்டான். டிவிஷனின் தளபதியைத் தியேட்டரில் பெரியவர் என்பார்கள். பெரியவர் இரண்டு நிமிடம் வரைபடத்தைப் பார்த்தார். மூன்றாவது பிரிகேட் முழுவதையும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வது, நாலு மணிக்குப் பாலத்தைத் தகர்ப்பது என்று முடிவு சொன்னார். உத்தரவை எழுத மேஜர் உட்கார்ந்தான். தொலைபேசிகள் ஒன்று மாற்றி ஒன்று அலறின. காலி செய்யப் போகிற இடத்துக்குப் புதிதாக ஆள் எதற்கு என்று, சூளைக்குப் போகவிருந்த மாற்றுக் கம்பெனியை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதினான். அது சரிதான். ஆனால் நண்பகலில் மாப்பிள்ளையின் கம்பெனி பிறந்த வீட்டுக்குத் திரும்பும் என்று முந்தின நாள் எழுதியிருந்தானே, அதை அவன் தொடவில்லை. மாற்ற ஆள் வரவில்லை என்றால் அவர்கள் சூளையை விட்டு நகர முடியாது. ஆனால் நண்பகல் ஆனதும் காகிதத்தில் அவர்கள் மூன்றாவது பிரிகேடில் இல்லை.

பின்வாங்கும் உத்தரவு முறைப்படி இறங்கியது. மூன்றாவது பிரிகேட் தன் பட்டாலியன்களுக்குச் சொன்னது. சூளைக் கம்பெனிக்குச் சொல்லவில்லை. அவர்கள் நண்பகலில் கிளம்பிவிடுகிறவர்கள்தானே. அந்தக் கம்பெனிக்கு இழுத்திருந்த தொலைபேசிக் கம்பியையும் நண்பகலுக்கு லைன்காரர்கள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் பிரிகேடும் சொல்லவில்லை. இன்னும் வந்து சேராத கம்பெனிக்கு அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்? சூளையில் கேப்டன் சொன்ன சொல் தவறாமல் செட்டைப் பழைய அலைவரிசைக்கு மாற்றினான். அந்த அலைவரிசையில் பேச வேண்டிய அவனுடைய பட்டாலியன், செட்டை மூட்டைகட்டி லாரியில் ஏற்றி வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தியேட்டரில் நண்பகலுக்குச் சார்ஜென்ட் ஏணியில் ஏறினார். சூளையின் மேல் இருந்த ஊசியைப் பிடுங்கி, ஆற்றுக்கு இந்தப் பக்கம், அதன் சிவப்புக் கூட்டாளிகளோடு சேர்த்துக் குத்தினார். மேஜர் கீழேயிருந்து பார்த்தான். "கொஞ்சம் இடது பக்கம்" என்றான். சார்ஜென்ட் நகர்த்தினார். மேஜருக்குத் திருப்தி.

பிற்பகலில் பீரங்கிக்காரர் மேலே ஓட்டையில் தலையை நீட்டினார்.

"மேஜர், சூளையிலிருந்து பீரங்கி கேக்குறாங்க. எதிரி ரொம்பக் கிட்ட வந்துட்டானாம். குடுக்கலாமா?"

பீரங்கிப் படைக்குத் தனி வழி உண்டு. ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் அவர்களுடைய ஓர் இளம் அதிகாரி செட்டோடு உட்கார்ந்து, எங்கே குண்டு விழ வேண்டும் என்று சொல்வான். அந்த வழி பிரிகேட், பட்டாலியன் என்று எதிலும் சேராமல் நேராக இந்த ஓட்டைக்கு வந்து சேரும்.

மேஜர் வரைபடத்தைப் பார்த்தான். சூளையின் மேல் ஒன்றும் இல்லை. வெறும் காகிதம்.

"அங்க யாரும் இல்லையே. நண்பகலுக்கே வந்தாச்சு."

"நம்ம பையன் குரல் மாதிரிதான் இருக்கு."

"குரலை வச்சு ஏமாத்துறது அவங்களுக்குப் புதுசா? எதிரி நம்ம குண்டை நம்ம தலையிலேயே போட வைக்கப் பாக்கறான். குடுக்காதீங்க."

தலை உள்ளே போனது. மேஜர் தன் வேலையைப் பார்த்தான். அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் பிறகு அவனை உள்ளுக்குள் கொன்றது. மனிதன் கத்துகிறான் என்று ஒருவர் சொல்கிறார், ஊசி இல்லை என்று இவன் சொல்கிறான்.

கொஞ்ச நேரத்தில் பீரங்கிக்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தலையை நீட்டவில்லை, படி இறங்கி ஓடி வந்தார். அதைப் பார்த்ததுமே மேஜர் எழுந்து நின்றான்.

"நம்ம பையன்தான். ரகசியக் குறியெல்லாம் சரியா சொல்றான். கேப்டன் உங்க மாப்பிள்ளைதானே? அவர் அங்கதான் இருக்காராம். எல்லாருமே அங்கதான் இருக்காங்களாம்."

அந்த நிமிடத்தில் மேஜர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பீரங்கிக்காரரோடு மாடிக்கு ஓடி, அந்தச் செட்டை வாங்கி, 'எல்லாத்தையும் விட்டுட்டு உடனே கிளம்பி வாங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். பாலம் திறந்துதான் கிடந்தது. அவன் ஓடினான், ஆனால் டிக்கெட் கூண்டுக்கு ஓடினான். தவறு யாருடையது என்று அவனுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது. நம்முடையதாக இருந்துவிடக் கூடாதே என்ற பதற்றம்.

மூன்றாவது பிரிகேடில் பேசியவர் சாவகாசமாகச் சொன்னார்: "அந்தக் கம்பெனியா? பன்னெண்டு மணிக்கே உங்க முதல் பிரிகேடுக்குக் குடுத்தாச்சே. நீங்கதானே எழுதியிருந்தீங்க."

முதல் பிரிகேடில் பேசியவருக்குக் கோபமே வந்துவிட்டது: "எங்ககிட்ட இன்னும் வந்து சேரலை சார். வந்து சேர்ற வரைக்கும் அவங்க பொறுப்புதான். எங்க தலையில கட்டாதீங்க."

ஒரு கையில் ஒரு ரிசீவர், மறு கையில் இன்னொன்று என்று நின்றான் மேஜர். 'நீங்கதானே எழுதியிருந்தீங்க' என்பது மட்டும் காதில் நின்றது. காது மடல்கள் சுட்டன. அப்போதுதான் பின்னால் பெரியவரின் குரல் கேட்டது.

"சூளைப் பக்கம் என்ன சத்தம்? அங்க யார் இருக்கா?"

மேஜர் திரும்பினான். பெரியவரோடு நாலைந்து அதிகாரிகள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஏணியில் நின்ற சார்ஜென்ட்டும் பார்த்தார். இத்தனை நாள் அரை விரல் தள்ளிப்போன ஊசிக்காக அவன் எத்தனை பேரை இதே இடத்தில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறான்! 'மறந்துட்டேன் சார்' என்ற இரண்டு வார்த்தை. அது வாய்வரைக்கும் வந்தது. வேறு ஒன்று வெளியே வந்தது.

"ஒரு கம்பெனியை நிறுத்தி வச்சிருக்கேன் சார். பிரிகேட் பாலத்தைக் கடக்கிற வரைக்கும் பின்னால காவலா இருக்கட்டும்னு."

பெரியவர் வரைபடத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"நல்ல யோசனை. எனக்குத் தோணலை பாரு. யாரோட கம்பெனி?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் கம்பெனி சார்."

பெரியவர் அருகில் வந்து அவன் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. "நாலு மணி வரைக்கும் நிக்கச் சொல்லு. பிரிகேட் முழுக்கக் கடந்தப்புறம் அவங்க வரட்டும். அதுக்கப்புறம் பாலம்" என்றார்.

இப்போது அது உத்தரவாகிவிட்டது. பொய்யாக வாயிலிருந்து விழுந்தது, பெரியவர் வாய்க்குள் போய் உத்தரவாகத் திரும்பி வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார், பதவிகூடப் போயிருக்கும். கம்பெனி வீட்டுக்கு வந்திருக்கும். மேஜர் சொல்லவில்லை. 'சரி சார்' என்று விறைப்பாக நின்றுவிட்டு மாடிப்படி ஏறினான்.

செட்டில் அந்த இளம் அதிகாரியின் குரல் கரகரவென்று வந்தது. பின்னால் வெடிச் சத்தம். மேஜர் உத்தரவைச் சொன்னான். அந்தப் பக்கம் அதை யாருக்கோ திருப்பிச் சொல்லும் சத்தம் கேட்டது.

"கேப்டன் கேக்கறாரு சார். இது யாரோட உத்தரவுன்னு."

"டிவிஷனோட உத்தரவு."

அதையும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு, "சரி, நிக்கறோம்னு சொல்றாரு சார்."

அதற்குப் பிறகு பீரங்கி கேட்ட அளவுக்குக் கிடைத்தது. எவ்வளவு கொடுத்தாலும் முதலில் கொடுக்காமல் போனதற்கு ஈடாகவில்லை. நாலு மணிக்கு மேல் அந்தக் கம்பெனி பாலத்தைக் கடந்து வந்தது. தங்கள் காலால் நடந்து வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மிச்சப் பேரைத் தூக்கி வந்தார்கள், சிலரைத் தூக்க முடியாமல் விட்டு வந்தார்கள். கேப்டனை இரண்டு பேர் ஒரு கதவுப் பலகையில் வைத்துச் சுமந்து வந்தார்கள். அந்த இளம் அதிகாரி வரவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் மேஜரால் தாங்க முடியாதது. யாராவது அவனைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். எல்லோரும் புகழ்ந்தார்கள். சொந்தத் தங்கையின் தாலி என்று பார்க்காமல், ஆபத்தான இடத்தில் மாப்பிள்ளையையே நிறுத்திய மனிதன் என்று பெரியவர் மேலிடத்தில் சொன்னார். மேலிடம் வானொலிக்குச் சொன்னது. வானொலி ஊருக்கே சொன்னது. குண்டூசி என்ற பெயர் மறைந்துபோனது; தியேட்டரில் அவன் நடந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். சமையல்காரர் அவனுக்கு மட்டும் சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். மேஜருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அந்தத் தட்டின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவர்கள் அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் மரியாதை கொடுத்தார்கள்.

'ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பசங்களைப் பார்த்துட்டு வா. உன் யோசனைதானே, நீ போனா அவங்களுக்குத் தெம்பா இருக்கும்' என்று பெரியவர் ஜீப்பையும் கொடுத்து அனுப்பினார்.

வழி முழுக்க மேஜர் ஒன்றையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அந்தப் பையன்களிடமும் சொல்லிவிட வேண்டும். காறித் துப்பினால் துப்பட்டும். பிறகு பெரியவரிடம் போய் நிற்கலாம். அப்படி நினைத்தபோது பல நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்கு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏண்ணா, வேற யாருமே கிடைக்கலையா உனக்கு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு கால் போயிடுச்சு. முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நான் உன் மேல கொலைவெறியில இருந்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொன்னாங்க, ரேடியோவில சொன்னாங்களாம். அம்மா என்ன சொன்னா தெரியுமா? என் பிள்ளை ஓரவஞ்சனை பண்ணமாட்டான், அடுத்தவன் வீட்டுப் பிள்ளையை முன்னால விட்டுட்டு தன் வீட்டுப் பிள்ளையைப் பத்திரமா வச்சுக்க மாட்டான்னு சொன்னா. சொல்லிட்டு அழறா. நான் என்ன பண்ணட்டும்? உன்னைத் திட்டவும் முடியலை."

"திட்டு."

"திட்டினா ஊரே என்னைத் திட்டும். போ, உள்ள போ. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

கேப்டன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வையின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மேஜரால் அங்கே பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"வாங்க மச்சான். உக்காருங்க. ஒரு செருப்பு மிச்சம், இனிமே உங்க தங்கச்சிக்கு என்னால செலவு கம்மி."

மேஜரால் சிரிக்க முடியவில்லை. கேப்டன் கதவுப் பக்கம் பார்த்தான். தங்கை வெளியே யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு கேக்கறேன். பன்னெண்டு மணிக்கு அப்புறம் நாங்க யாரோட கம்பெனி?"

எத்தனையோ கேள்விகளுக்கு மேஜர் பதில் தயாரித்து வந்திருந்தான். இதற்கு இல்லை.

"யாரோடதும் இல்ல, மாப்பிள்ளை."

கேப்டன் தலையாட்டினான். கோபம் இல்லை. தெரிந்த விடையைச் சரிபார்த்துக்கொண்ட ஆளின் தலையாட்டல்.

"அப்படித்தான் நெனச்சேன். பீரங்கிக்காரன் செட்டுல காலாட்படைக்கு உத்தரவு வந்ததுமே நெனச்சேன். வீட்டுல போன் இருக்கறவனை எவனாவது பக்கத்து வீட்டு போன்ல கூப்பிடுவானா? நம்மளை எங்கயோ தவற விட்டுட்டாங்க, இப்பதான் தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது."

"நான் மறந்துட்டேன். நான் எழுதின உத்தரவுதான். அதை..."

"தெரியும். நானும் ஒரு வருஷம் அந்த மாதிரி ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கேனே. யாருக்கும் நடக்கும்."

"அதோட முடியலை மாப்பிள்ளை. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு."

கேப்டன் கையை உயர்த்தினான். "வேணாம் மச்சான்."

"கேளுங்க, பெரியவர் கேட்டப்ப நான்..."

"வேணாம்னு சொல்றேன்ல. அதுக்கு மேல இருக்கறதை நான் கேட்டுட்டா, இவ அண்ணன்னு உங்களை என்னால வீட்டுக்குள்ள விட முடியாம போயிடும். கூடப் பொறந்ததுன்னு அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்." அவன் மூச்சு வாங்கினான். "இன்னொண்ணு. பக்கத்து வார்டுல நம்ம பசங்க இருக்கானுங்க. அவனுங்களுக்கு இது தெரிய வேணாம். நம்மளை நம்பித்தாண்டா இங்க விட்டிருக்காங்க, பிரிகேடே நம்ம கையிலன்னு சொல்லித்தான் நிக்க வச்சேன். அதை நம்பித்தான் நின்னானுங்க. இப்ப போய், உங்களை யாரும் தேர்ந்தெடுக்கலை, வரைபடத்துல விட்டுப்போச்சுன்னு சொல்லுவீங்களா? கண்ணு போனவன் அதைக் கேட்டுட்டு எப்படி மிச்ச காலத்தை ஓட்டுவான்?"

"பொய்யோட என்னால இருக்க முடியாது."

"முடியாதுதான். ஆனா அவனுங்க தலையில எறக்கி வச்சுட்டு நீங்க லேசாயிடாதீங்க."

மேஜர் எழுந்து வெளியே வந்தான். பக்கத்து வார்டு வாசலில் கால் தயங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் உள்ளேயிருந்து நர்ஸ் அவனைப் பார்த்துவிட்டு, 'மேஜர் சார் வந்திருக்காரு' என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். கட்டில்களில் சலசலப்பு. கை இருந்தவர்கள் சல்யூட் வைத்தார்கள். ஒருவன் இடது கையால் வைத்தான், வலது கை இல்லை. எழுந்து உட்கார முயன்றவர்களை நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தாள். மேஜருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இடது கை சல்யூட்டுக்கு அவனும் பதில் சல்யூட் வைத்தான்.

மூலைக் கட்டிலில் கண்களைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தவன், "சார் எங்க? கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க" என்று கூப்பிட்டான். கட்டையான ஆள், வயது முப்பது இருக்கும். சூளையில் பீரங்கி அதிகாரியின் செட்டுக்குப் பக்கத்தில் அவருக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவன் என்று நர்ஸ் சொன்னாள். மேஜர் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அந்த ஆள் கையை நீட்டித் துழாவி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். குனியச் சொல்லி இழுத்தான். மேஜர் குனிந்தான்.

"கேப்டன் பக்கத்துல இருக்காரா சார்?"

"இல்ல. அடுத்த ரூம்ல இருக்காரு."

"நல்லது." அவன் குரல் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இறங்கியது. "சார், பீரங்கி கேட்டப்ப மொதல்ல ஒரு பதில் வந்துச்சு. அங்க யாரும் இல்ல, அது எதிரி, குடுக்க முடியாதுன்னு. எங்க ஆபீசர் பாவம், யாரு சார் அப்படிச் சொல்றதுன்னு கேட்டாரு. குண்டூசி சொல்றாருன்னு அந்தப் பக்கத்துலேருந்து சொன்னாங்க."

மேஜர் கையை இழுக்கப் பார்த்தான். பிடி இரும்பாக இருந்தது.

"செட்டு கிட்ட நாங்க மூணு பேரு இருந்தோம் சார். மூணு பேருக்கும் அது நீங்கதான்னு தெரியும். கேப்டன் முன்வரிசையில இருந்தாரு, அவருக்குக் கேக்கலை. அவர்கிட்ட நாங்க சொல்லலை. பீரங்கி ரிப்பேர், கொஞ்ச நேரத்துல வரும்னு சொல்லிட்டோம். அதுக்கப்புறம் நிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அவரு வந்து, நம்மளை நம்பி விட்டிருக்காங்கடான்னு அப்படிச் சந்தோஷமா சொன்னாரு சார். அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"நான்..." என்றான் மேஜர். "உங்ககிட்ட நான் சொல்லணும்னுதான்..."

"எங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம் சார். எங்களுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான், விடுங்க. அந்த மூணு பேருல இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம். நான் வாயைத் தொறக்க மாட்டேன். நீங்களும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எங்க மச்சான், எங்க மச்சான்னு ஓயாம உங்களைப் பத்தித்தான் பேசுவாரு. நீங்கதான் எங்களை மறந்தீங்கன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு சார். கால் போனதைக்கூடத் தாங்கிட்டாரு, இதைத் தாங்க மாட்டாரு."

இத்தனை நாள் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெட்கமே இல்லை என்று மேஜருக்குத் தோன்றியது. காறித் துப்புவார்கள் என்று வந்த இடத்தில் அவனை ஆளுக்கொரு பக்கமாக மூடி மறைத்துக்கொண்டிருந்தார்கள். அவனால் கண் போனவன், அவன் பெயரைக் காப்பாற்றிக் கொடுக்க அவனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"சத்தியம் பண்ணுங்க சார்."

மேஜர் அந்தப் பிடியின் மேல் தன் இன்னொரு கையையும் வைத்தான்.

"சொல்லமாட்டேன்."

கட்டுக்குக் கீழே இருந்த அந்த வாய் நிம்மதியாகச் சிரித்தது.

"ரொம்ப நன்றி சார். நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்க."